அம்மாவுக்கு நீச்சல் தெரியாது: யுகட்டான் செனோட்டேக்களுக்கு ஆறு நாள் திட்டம், சரிபார்த்துச் சொல்லுங்கள்

நெய்தல்மகள்

எல்லோருக்கும் வணக்கம். பிப்ரவரி மூன்றாவது வாரம் குடும்பத்தோடு மெக்சிகோவின் யுகட்டான் தீபகற்பத்துக்குப் போகிறோம். கடற்கரை எங்களுக்கு முக்கியமில்லை. செனோட்டேக்களில் நீந்த வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பயணமே. (புதிதாகப் படிப்பவர்களுக்கு: நிலத்தடியில் சுண்ணாம்புப் பாறை கரைந்து, மேற்கூரை இடிந்து உள்ளே விழுந்ததால் உண்டான நன்னீர்க் குழிகள் இவை. சில திறந்த குளம் போல இருக்கும், சில முழுக் குகை.)

போகிறவர்கள் ஆறு பேர். நான், கணவர், 13 வயது மகள், 9 வயது மகன், என் தம்பி, அம்மா. நானும் கணவரும் பிள்ளைகளும் நன்றாக நீந்துவோம். தம்பி ஸ்கூபாவில் (காற்றுக் குடுவையோடு முக்குளிப்பது) ஓபன் வாட்டர் என்ற தொடக்கநிலைச் சான்றிதழ் வாங்கியிருக்கிறான். அம்மாவுக்கு 64 வயது, முழங்கால் வலி உண்டு, நீச்சல் தெரியாது. சின்ன வயதில் கிணற்றில் தவறி விழுந்தவர். அன்றிலிருந்து குளத்தில்கூட கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. ஆனாலும் "நானும் வருகிறேன், கரையில் உட்கார்ந்து பார்க்கிறேன்" என்கிறார்.

திட்டம் இது. ஆறு இரவும் கான்கூனில் தங்கல், வாடகைக் கார்.

நாள் 1: சிச்சென் இட்சா (மாயா மக்களின் பழைய நகரம்), அங்கே உள்ள புனித செனோட்டேயில் நீச்சல், பிறகு இக் கில், சுய்தூன் செனோட்டேக்கள்.
நாள் 2: வாயதோலித் பக்கம் சாசி, ஷ்கெக்கென், சாமுலா, ஒஷ்மான்.
நாள் 3: குசாமாவின் மூன்று செனோட்டேக்கள்.
நாள் 4: துலூம் பக்கம் கிரான் செனோட்டே, தோஸ் ஓஹோஸ், காசா செனோட்டே.
நாள் 5: அசுல், கிரிஸ்தலினோ.
நாள் 6: காலையில் தம்பிக்கு இரண்டு முறை ஸ்கூபா, மாலை விமானம்.

எதைச் சேர்க்கலாம், எதை மாற்றலாம் என்று சொல்லுங்கள்.

கல்லும்நீரும்

சகோதரி, முதலில் ஒரு திருத்தம். சிச்சென் இட்சாவின் புனித செனோட்டேயில் யாரையும் இறங்க விடமாட்டார்கள். மேலே நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். சுமார் 60 மீட்டர் அகலம், செங்குத்துச் சுவர், கீழே பச்சைத் தண்ணீர். மாயா மக்கள் 'சாக்' என்ற மழைத் தெய்வத்துக்குக் காணிக்கை போட்ட இடம். 1904-இலிருந்து எட்வர்ட் தாம்சன் என்பவர் தூர்வாரியபோது ஜேட் கற்கள், பொன், சாம்பிராணி போன்ற கோபால் பிசின், மனித எலும்புகள் எல்லாம் கிடைத்தன. 'இட்சாக்களின் கிணற்று வாயில்' என்பதுதான் சிச்சென் இட்சா என்ற பெயரின் பொருளே. அதனால் அங்கே நீச்சல் உடையை மறந்துவிட்டு, பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். அதுவே போதும்.

போகும் முன் பிள்ளைகளுக்கு இந்த நிலத்தைப் பற்றிச் சொல்லி அழைத்துப் போங்கள், பார்வையே மாறிவிடும். யுகட்டானின் வடபகுதியில் ஆறு என்று சொல்ல எதுவும் கிடையாது. பெய்கிற மழை முழுவதும் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிவிடும். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிப் பாறையை அரிக்கிறது. அப்படித்தான் நிலத்தடியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குச் சுரங்கங்கள். 2018-இல் தோஸ் ஓஹோஸ் குகைகளும் சாக் அக்தூன் குகைகளும் ஒன்றோடொன்று இணைந்தவை என்று முக்குளிப்பவர்கள் கண்டுபிடித்தபோது மொத்த நீளம் 347 கிலோமீட்டர் வந்தது.

தண்ணீருக்குள் விழுதுபோல் தொங்கும் கல்லைப் பார்ப்பீர்கள். அது தண்ணீருக்குள் வளராது, காற்றில் சொட்டுச் சொட்டாகத்தான் வளரும். பனியுகத்தில் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 100 மீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தது, அப்போது இந்தக் குகைகள் வறண்டு கிடந்தன. அந்தக் காலத்தில் நடந்து உள்ளே போன ஒரு பதின்வயதுப் பெண்ணின் எலும்புக்கூடு 2007-இல் ஓயோ நெக்ரோ என்ற குழியில் கிடைத்தது. நையா என்று பெயர் வைத்தார்கள். சுமார் 12,000 ஆண்டுகளுக்கு மேல் பழையது. உங்கள் மகள் வயதிலிருந்து இரண்டு மூன்று ஆண்டுதான் கூட.

ஆழ்நீர்

தம்பிக்கு ஒரு அவசரச் செய்தி: ஆறாம் நாள் காலை ஸ்கூபா, மாலை விமானம் என்பது கூடவே கூடாது. ஒரே நாளில் இரண்டு முறை முக்குளித்தால் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவ்வளவு நேரம் பிடிக்கும். நான்காம் நாளுக்கு மாற்றுங்கள்.

ஓபன் வாட்டர் சான்றிதழோடு தோஸ் ஓஹோஸில் வழிகாட்டியுடன் போகலாம். ஆனால் அது குகையின் வாய்ப்பகுதிதான், சூரிய வெளிச்சம் கண்ணுக்குத் தெரிகிற எல்லைவரை மட்டும். ஒரு வழிகாட்டிக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது. வழிகாட்டி முழுக் குகைப் பயிற்சி பெற்றவரா என்று கேளுங்கள். நல்லவர்கள் சான்றிதழ் அட்டையை எடுத்துக் காட்டுவார்கள், கோபப்பட மாட்டார்கள். காற்றில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு தொடாத இருப்பு. இந்தக் கணக்கை அவர் உங்களிடம் கரையிலேயே சொல்ல வேண்டும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நான் போன ஒரு இடத்தில் (பெயர் வேண்டாம்) வழிகாட்டி எங்கள் மூவரையும் எச்சரிக்கைப் பலகை தாண்டி அழைத்துப் போனார். அங்கே உள்ள பலகையில் மண்டை ஓட்டு முகத்தோடு எமன் படம் போட்டிருக்கும். 'நில், இதற்கு மேல் போகாதே' என்று எழுதியிருக்கும். "ஐந்தே மீட்டர்தான்" என்றார். என் நண்பன் காலில் மாட்டியிருந்த துடுப்பு தரையில் பட்டது. மாவு கொட்டினதுபோல் வண்டல் எழும்பியது. என் கையை என் முகமூடிக்கு முன்னால் வைத்தேன், கை தெரியவில்லை. வழிக்கயிறு இரண்டு விரலில் இருந்ததால்தான் இன்றைக்கு இதை எழுதுகிறேன். கயிற்றைப் பிடித்தபடி வெளியே வர எத்தனை நிமிடம் ஆனது என்று இன்றுவரை தெரியாது.

தம்பியிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். பலகை தாண்டச் சொன்னால் கட்டைவிரலை மேலே காட்டித் திரும்பிவிட வேண்டும். முக்குளிப்பில் அந்தச் சைகைக்குக் காரணம் கேட்கும் உரிமை யாருக்கும் கிடையாது.

மெரிதாவாசி

அக்கா, நான் யுகட்டான் மாநிலத் தலைநகர் மெரிதாவில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். திட்டத்தில் பெரிய சிக்கல் தங்குமிடம். கான்கூனிலிருந்து குசாமாவுக்குப் போக மட்டும் மூன்று மணி நேரத்துக்கு மேல். திரும்ப அதே தூரம். அம்மாவின் முழங்கால் காரிலேயே போய்விடும். மூன்று இரவு வாயதோலித்தில், மூன்று இரவு துலூம் அல்லது பிளாயா தெல் கார்மெனில் தங்குங்கள். குசாமாவை விட்டுவிடுங்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம்தான். பழைய கற்றாழை நார்த் தோட்டத்துத் தண்டவாளத்தில் குதிரை இழுக்கும் சின்ன வண்டியில் ஒவ்வொரு செனோட்டேவாகப் போவது. ஆனால் மூன்றாவதற்குத் தரையில் ஒரு குறுகிய துளை, செங்குத்து ஏணி. அம்மாவால் முடியாது, அவரை வெயிலில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் இறங்கவும் மனம் வராது.

மணி விஷயம். துலூமும் கான்கூனும் கின்தானா ரோ மாநிலம். வாயதோலித்தும் சிச்சென் இட்சாவும் யுகட்டான் மாநிலம். யுகட்டானில் ஒரு மணி நேரம் பின்தங்கிய கடிகாரம். கிழக்கிலிருந்து மேற்கே வரும்போது ஒரு மணி லாபம், திரும்பும்போது நஷ்டம். கைபேசி சில சமயம் எல்லையில் குழம்பும். தம்பியின் ஸ்கூபா நேரத்தை எந்த மாநிலக் கணக்கில் சொன்னார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம். சின்ன செனோட்டேக்களில் பெசோ ரொக்கம் மட்டும்தான். சில்லறை வேண்டும். ஊருக்குள் இருக்கும் வங்கி ஏடிஎம்மில் எடுங்கள். நுழைவுக்கட்டணம், லைஃப் ஜாக்கெட், பெட்டகம், எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் கேட்கும் இடங்கள் உண்டு, நுழையும்போதே மொத்தம் எவ்வளவு என்று கேட்பது நல்லது. கிராமத்துச் சாலைகளில் 'தோப்பே' என்ற வேகத்தடை முன்னறிவிப்பு இல்லாமல் வரும். இருட்டிய பிறகு அந்தச் சாலைகளில் ஓட்டாதீர்கள்.

ஒளிவேட்டை

சாமுலாவுக்கு உச்சிப் பொழுதில்தான் போக வேண்டும். கூரையில் ஒரே ஒரு துளை, அதன் வழியாக மரத்தின் வேர்கள் பல மீட்டர் கீழே தண்ணீரைத் தேடி இறங்கியிருக்கும், அதே துளையில் வெளிச்சம் தூண் மாதிரி விழும். காலையில் போனால் இருட்டுக் குகையைப் பார்த்துவிட்டு வருவீர்கள்.

தங்கமயில்

அண்ணா, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உச்சிப் பொழுதில்தான் கான்கூனிலிருந்து சுற்றுலாப் பேருந்துகளும் வந்து சேரும். படிக்கட்டில் வரிசை நிற்கும். எழுபது வயது மாமியாரோடு அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். ஈரமான கல், பின்னால் அவசரப்படுத்துகிற கூட்டம். புகைப்படம் நன்றாக வந்தது உண்மை. மாமியார் அன்று முழுவதும் பேசவில்லை.

காலையில் திறக்கும்போதே போங்கள். தண்ணீர் கண்ணாடி போல் அசையாமல் இருக்கும். உங்கள் முதல் காலடி அலை எதிர்ச்சுவர் வரை போய்த் திரும்புவதைப் பார்க்கலாம். 'தோ' என்று ஒரு பறவை, வால் நுனியில் இரண்டு நீல இறகு ஊசல்போல் ஆடும், அது செனோட்டேச் சுவர்ப் பொந்துகளில் கூடு கட்டும். அந்தப் பறவை இருந்தால் பக்கத்தில் தண்ணீர் உண்டு என்று மாயா மக்கள் சொல்வார்கள். கூட்டம் வந்தால் அது போய்விடும்.

ஒளிவேட்டை

சகோதரி சொல்வதில் நியாயம் இருக்கிறது. சரி, இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒளித்தூண் செங்குத்தாக விழுவது மே கடைசி வாரத்தை ஒட்டியும் ஜூலை இருபதை ஒட்டியும். அந்த நாட்களில்தான் சூரியன் அங்கே நேர் உச்சிக்கு வரும். பிப்ரவரியில் உச்சியிலும் சாய்ந்துதான் விழும். ஆக உங்கள் வாரத்தில் அதற்காக மதியம்வரை காத்திருப்பதில் பெரிய ஆதாயம் இல்லை. காலையில் நீந்துங்கள். மகள் படம் எடுக்க ஆசைப்பட்டால் அவளை மட்டும் கணவரோடு மதியம் அனுப்புங்கள்.

நெய்தல்மகள்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. புனித செனோட்டே தவறு, ஸ்கூபா தவறு, குசாமா தூரம். இத்தனையும் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். தங்கமயில் அக்கா, அம்மாவை எங்கே அழைத்துப் போகலாம்? புனித செனோட்டே போக மீதிப் பதினான்கையும் விட மனம் வரவில்லை, ஆனால் அம்மா ஒவ்வொன்றிலும் மேலே காத்திருப்பதும் பிடிக்கவில்லை.

தங்கமயில்

தோழி, ஆழத்தையும் அழகையும் வைத்துப் பட்டியல் போட்டிருக்கிறீர்கள். படிக்கட்டை வைத்துப் போடுங்கள். உங்கள் ஆறு பேரில் யாருக்கு மிகவும் கஷ்டமோ அவரிடமிருந்து தொடங்கினால் பட்டியல் தானாகவே பாதியாகும்.

இக் கில்லில் தண்ணீர் தரையிலிருந்து சுமார் 26 மீட்டர் கீழே. செதுக்கிய படிகள்தான், ஆனால் எட்டு மாடி அளவு. லைஃப் ஜாக்கெட் கட்டாயம், கூட்டமும் கட்டாயம். ஆழம் 40 மீட்டருக்கு மேல், எங்குமே கால் ஊன்ற முடியாது. நீச்சல் தெரியாதவருக்கு அது இடமில்லை. மேலே சுற்றி நின்று பார்க்கும் இடம் இருக்கிறது, அம்மா அங்கிருந்து பார்க்கலாம்.

அம்மாவுக்கு அசுல். பிளாயா தெல் கார்மெனுக்கும் துலூமுக்கும் நடுவே, நெடுஞ்சாலை ஓரமே. திறந்த குளம், குகை பயம் இல்லை. ஓரத்தில் முழங்கால் ஆழத்தில் வழவழப்பான பாறைத் திட்டுகள், உட்காரலாம். கூழாங்கல் நிறத்தில் சின்ன மீன்கள் வந்து காலைக் கொத்தும். கடிக்காது, கூசும். தண்ணீரின் அடி தெளிவாகத் தெரியும். கிணற்றில் விழுந்தவருக்கு அது பெரிய விஷயம். அடி தெரியாத கருப்புத் தண்ணீர்தானே அவரைப் பயமுறுத்தியது.

கிரான் செனோட்டேயிலும் மரப்பலகை நடைபாதை, ஆழமில்லாத மணல் பகுதி, ஆமைகள் உண்டு. ஆனால் திறந்த உடனே போக வேண்டும்.

ரப்பர் அடி உள்ள நீர்ச் செருப்பு ஆறு ஜோடி வாங்குங்கள். தண்ணீர் வருடம் முழுவதும் 24, 25 டிகிரிதான். முதல் பத்து நிமிடம் சுகமாக இருக்கும், அரை மணியில் ஒன்பது வயதுப் பையனின் உதடு நீலமாகும். மெல்லிய நீச்சல் மேல்சட்டை போட்டுவிடுங்கள்.

கல்லும்நீரும்

அக்கா சொன்னதோடு ஒன்று. இது நன்னீர். கடலில் மிதக்கிற அளவு இங்கே மிதக்க முடியாது. கடலில் பழகியவர்கள் சீக்கிரம் களைத்துப்போவார்கள். நன்றாக நீந்துகிற பிள்ளைகளுக்கும் லைஃப் ஜாக்கெட் போடுங்கள். கயிறு கட்டியிருந்தால் அது அலங்காரத்துக்கு அல்ல, நடுவில் இளைப்பாறப் பிடித்துக்கொள்ளத்தான்.

காசா செனோட்டே கடலுக்கு மிக அருகே, அலையாத்திக் காடுகளுக்கு நடுவே. கீழே உப்புத் தண்ணீர், மேலே நன்னீர். இரண்டும் சந்திக்கும் தளத்தில் சூடான சாலையின் மேல் காற்று நடுங்குமே, அதுபோல் தண்ணீர் நடுங்கும். தம்பி அதில் கையை விட்டுப் பார்க்கட்டும்.

இன்னொரு தவறான செய்தி சுற்றுகிறது, பிள்ளைகளிடம் சரியாகச் சொல்லுங்கள். டைனோசர்களை அழித்த விண்கல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்த சிக்ஷுலுப் பள்ளம் இங்கேதான், சுமார் 180 கிலோமீட்டர் அகலம். ஆனால் செனோட்டேக்களை விண்கல் குடையவில்லை. பள்ளம் பின்னால் படிந்த சுண்ணாம்புக்கல்லுக்கு அடியில் புதைந்துவிட்டது. அதன் விளிம்புக்கு மேலே பாறை விரிசல்விட்டு நீர் அதிகம் ஓடியதால் அந்த வளைவு நெடுக செனோட்டேக்கள் மாலை கோத்ததுபோல் அமைந்தன. குசாமா, ஓமுன் எல்லாம் அந்த மாலையில் வரும். துலூம் பக்கம் இருப்பவை வராது.

மெரிதாவாசி

ஓமுன் பேச்சு வந்ததால் சொல்கிறேன். அந்த ஊரில் 49,000 பன்றிகள் வளர்க்கும் பண்ணை ஒன்று தொடங்கியது. ஊர்ப் பிள்ளைகள் பெயரிலேயே வழக்குப் போட்டார்கள். 2018-இல் நீதிமன்றம் பண்ணையை நிறுத்தி வைத்தது. செனோட்டேத் தண்ணீரும் இங்கே நாங்கள் குழாயில் பிடிக்கும் தண்ணீரும் ஒரே நிலத்தடி நீர்தான். மேலே ஊற்றுகிற எதையும் சுண்ணாம்புக்கல் வடிகட்டாது, அப்படியே கீழே விடும்.

அதனால்தான் இறங்கும் முன் சோப்பில்லாமல் குளிக்கச் சொல்கிறார்கள். சன்ஸ்கிரீன், கொசு மருந்து, தலை எண்ணெய் எதுவும் கூடாது. 'இயற்கை' என்று எழுதிய சன்ஸ்கிரீனும்தான். காலையில் விடுதியிலேயே தடவிக்கொண்டு வந்துவிடாதீர்கள், இரண்டு நிமிடக் குளியலில் அது முழுக்கப் போகாது. முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போதும். அம்மா தலைக்கு எண்ணெய் வைப்பவர் என்றால் முந்தின இரவே அலசிவிடச் சொல்லுங்கள். தொங்கும் கற்களைத் தொட வேண்டாம் என்று பையனுக்குச் சொல்லிக் கூட்டிப்போங்கள். கைப்பிசுக்கு பட்டால் அந்த இடத்தில் கல் வளர்வது நின்றுவிடும்.

நெய்தல்மகள்

திருத்திய திட்டம். முதல் மூன்று இரவு வாயதோலித். சிச்சென் இட்சா காலையில், இக் கில் மேலிருந்து பார்ப்பது மட்டும். மறுநாள் திறக்கும்போதே ஷ்கெக்கென், சாமுலா. இரண்டும் எதிரெதிரே என்பதால் ஒரே நடை. மாலையில் ஊருக்குள்ளேயே சாசி. மூன்றாம் நாள் ஒஷ்மான் மட்டும். பிறகு துலூமுக்கு மாறி, நான்காம் நாள் தம்பிக்கு தோஸ் ஓஹோஸ் ஸ்கூபா, நாங்கள் அங்கேயே மேலாக ஸ்நார்க்கல் (மூச்சுக்குழாயோடு மிதந்தபடி நீருக்குள் பார்ப்பது). ஐந்தாம் நாள் அசுல், வேறு எதுவும் இல்லை. ஆறாம் நாள் கிளம்புவது. நீந்தும் செனோட்டேக்கள் பதினான்கிலிருந்து ஆறாகிவிட்டன.

ஆழ்நீர்

இப்போது சரி. போய் வந்து எழுதுங்கள்.

நெய்தல்மகள்

போய் வந்துவிட்டோம். வந்த அன்றே எழுத நினைத்தேன், பையனுக்குச் சளி.

சாமுலாவில் காலை எங்களைத் தவிர இரண்டே பேர். மகள் மல்லாந்து மிதந்தபடி வேரின் நுனியிலிருந்து சொட்டும் தண்ணீரை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒளித்தூண் இல்லை, மங்கலான நீல வெளிச்சம் மட்டும். அவள் திரும்பி மதியம் போக வேண்டும் என்று கேட்கவே இல்லை. ஷ்கெக்கெனில் படிகள் தாழ்வான கூரையோடு இறங்கும். கணவர் தலையில் இடித்துக்கொண்டார், உயரமானவர்கள் கவனம். தோஸ் ஓஹோஸில் தம்பியின் வழிகாட்டி கேட்காமலே அட்டையைக் காட்டினார். பலகை தெரிந்த இடத்தில் டார்ச்சை அதன்மேல் அடித்துக் காட்டிவிட்டுத் திரும்பினாராம். ஆழ்நீர் அண்ணா, அவன் உங்கள் பதிவை விமானத்தில் இரண்டு முறை படித்தான்.

ஒஷ்மானில் மணிக்கணக்கு குழம்பி ஒரு மணி நேரம் முன்னதாகவே வாசலில் போய் நின்றோம். மெரிதாவாசி சொல்லியும் தவறு நடந்தது.

தங்கமயில்

அம்மா இறங்கினாரா?

நெய்தல்மகள்

அசுலில், அக்கா. முதல் அரை மணி பலகையிலேயே உட்கார்ந்திருந்தார். பையன் ஒவ்வொரு மீனாகக் காட்டிக்கொண்டே இருந்தான். அப்புறம் நீர்ச் செருப்போடு ஒரு காலை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். "அடி தெரிகிறதே" என்றார் என்னிடம், நான் ஏதோ மறைத்து வைத்திருந்ததுபோல. பாறைத் திட்டில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இரண்டு நாள் வலித்தது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், கையை விட்டிருந்தார். லைஃப் ஜாக்கெட் அவரைத் திட்டிலிருந்து ஒரு சாண் தூக்கியிருந்தது. நாங்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை. சேலைத் தலைப்பைச் செருகுகிற மாதிரி ஜாக்கெட்டின் வாரை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டே, தம்பியைப் பார்த்து, இங்கே எத்தனை மணிவரை திறந்திருப்பார்கள் என்று கேட்டார்.